சிறு நாயும் அடுக்கு வீடும்

நாய் என்று சொன்னவுடன் நம் மனக்கண் முன் வருவது வாசல். திண்ணையின் கீழே சுருண்டு கிடப்பதும், வைக்கோற்போரின் நிழலில் உறங்குவதும், நள்ளிரவில் தெருமுனையில் காலடி ஓசை கேட்டால் எழுந்து குரல் கொடுப்பதும் நாயின் இயல்பு என்று நாம் தலைமுறை தலைமுறையாக எண்ணி வந்திருக்கிறோம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த சிற்றூர்களில் நாய் பெரும்பாலும் வீட்டுக்குள் வாழ்ந்ததில்லை, வீட்டோடு வாழ்ந்தது. அதற்கென்று தனிப் பாய் இல்லை. தனித் தட்டு இல்லை. ஆயினும் ஒரு செல்வம் அதற்கு இருந்தது. தெருவும் தோப்பும் ஏரிக்கரையும் அதற்கு உரியனவாக இருந்தன. ஓட வேண்டும் என்று தோன்றினால் ஓடும். உறங்க வேண்டும் என்று தோன்றினால் உறங்கும். அதற்கு உலாவ நேரம் ஒதுக்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழுந்ததில்லை.

இப்பொழுது வாழ்க்கை மாறி வருகிறது. புதுச்சேரி நகரம் மேற்கு நோக்கி வளர்ந்து வில்லியனூரைத் தொட்டுவிட்டது. நெல் விளைந்த நிலங்களில் மூன்றடுக்கு, நான்கடுக்கு வீடுகள் எழுந்திருக்கின்றன. பாகூர்ப் பகுதியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் புதுச்சேரியிலும் சென்னையிலும் பெங்களூரிலும், கடல் கடந்து பிரான்சு நாட்டிலும் அடுக்கு வீடுகளில் குடியிருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குத் திண்ணை இல்லை, கொல்லை இல்லை. ஆனால் நாய் வளர்க்கும் ஆசை மட்டும் அவர்களோடு சேர்ந்து மாடிப்படி ஏறிவிட்டது. அதில் தவறொன்றும் இல்லை. மனிதன் பழகிய முதற் பிராணி நாய். அவன் எங்கே குடியேறினாலும் அது உடன் வருவது இயற்கையே.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இரண்டாம் மாடியில் வீடு வாங்கியிருக்கிறோம். பத்து வயதுப் பையன் நாய்க்குட்டி வேண்டுமென்று பிடிவாதம் செய்கிறான். பெரிய நாய்க்கு இடமில்லை. ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்று ஒரு சின்ன ஜாதி இருக்கிறதாம். முழங்கால் உயரத்துக்கு மேல் வளராதாம். சின்ன வீட்டுக்குச் சின்ன நாய் பொருத்தந்தானே?" என்றார். இக்கேள்வி அவர் ஒருவருக்கே உரியதன்று. நகரத்தில் குடியிருக்கும் பிள்ளைகள் பலர் இதைக் கேட்கிறார்கள். சிற்றூரில் இருக்கும் பெற்றோர் பலருக்கும் இதில் பங்கு உண்டு. அந்தப் பங்கு இன்னதென்பதைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

'சின்ன வீட்டுக்குச் சின்ன நாய்' என்பது கேட்பதற்கு நல்ல கணக்காகத் தோன்றுகிறது. அறையின் நீள அகலத்தை ஒரு புறமும் நாயின் நீள உயரத்தை மறு புறமும் எழுதி வகுத்துவிட்டால் விடை கிடைத்துவிடும் போல் இருக்கிறது. ஆனால், நாற்காலி வாங்குவதற்குத்தான் அந்தக் கணக்குப் பொருந்தும். நாய் நாற்காலியன்று. அது இருக்கும் இடத்தைக் காட்டிலும், அது செய்ய விரும்பும் தொழிலே பெரிது. ஆகையால் ஒரு நாயை வீட்டுக்குள் அழைக்குமுன் அதன் உயரத்தைக் கேட்பதோடு, அதன் முன்னோர் என்ன தொழில் செய்தார்கள் என்பதையும் கேட்டல் வேண்டும்.

ஜாக் ரஸ்ஸல் டெரியரின் தொழில் என்ன? 'டெரியர்' என்னும் பெயரிலேயே அது அடங்கியிருக்கிறது. மண்ணைக் குறிக்கும் 'தெர்' என்னும் பிரெஞ்சுச் சொல் புதுச்சேரிப் பெரியவர்கள் பலருக்குத் தெரிந்ததே. அச்சொல்லோடு உறவுடையது டெரியர் என்னும் பெயர். மண்ணுக்குள் புகுந்து வேலை செய்யும் நாய் என்பது அதன் பொருள்.

1795 முதல் 1883 வரை இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் என்னும் பாதிரியார் நரி வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். ஜாக் என்பது ஜான் என்னும் பெயரின் செல்ல வடிவம். அவர் ஆக்ஸ்போர்டில் பயின்ற காலத்தில், 1819ஆம் ஆண்டில், ஒரு பால்காரரிடமிருந்து டிரம்ப் என்னும் பெண் நாயை வாங்கினார் என்பர். அந்நாயை முதலாகக் கொண்டு அவர் பேணி வளர்த்த வழியே இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அவர் வேண்டிய நாய் எப்படிப்பட்டது? வேட்டை நாய்கள் துரத்தும்போது நரி ஓடிப்போய் வளைக்குள் ஒளிந்துகொள்ளும். பெரிய நாய் அங்கே நுழைய முடியாது. அப்பொழுது சிறிய டெரியரை வளைக்குள் விடுவார்கள். இருட்டில், மூச்சு முட்டும் மண்ணுக்கு நடுவே, தன் அளவுக்கு ஒத்த பகையை அது தனியே எதிர்த்து நின்று, குரைத்துக் குரைத்து வெளியே விரட்ட வேண்டும்.

பாகூர் வயல்வெளியில் வரப்பு எலியின் வளையை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வளைக்கு ஒரு வாயில் இருப்பதில்லை. பல வாயில் இருக்கும். உள்ளே கிளை பிரியும். ஓரிடத்தில் புகை போட்டால் மற்றோரிடத்தில் எலி பாயும். அந்த வளையைப் போன்றதொரு பெரிய வளைக்குள் துணையின்றிப் புகும் நாய்க்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உடல் சிறிதாக இருக்க வேண்டும். நரியென்று மயங்கி மற்ற நாய்கள் கடித்துவிடாமல் இருக்க, நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும். மண்ணைத் தோண்டும் ஆவல் வேண்டும். அச்சம் கூடாது. எசமானின் கட்டளை எட்டாத இடத்தில் தானே முடிவு செய்யும் துணிவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை மேலே நிற்பவர்களுக்கு அறிவிக்க ஓயாமல் குரைக்க வேண்டும்.

நேயர்களே! இந்தக் குணங்களை மீண்டும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். தோண்டுதல், துரத்துதல், தானே முடிவு செய்தல், ஓயாது குரைத்தல். நரி வளையில் இவை நான்கும் தகுதிகள். இரண்டாம் மாடியில் இவையே நான்கு குற்றச்சாட்டுகள்! மெத்தையைக் கிழித்தது என்று அடிக்கிறோம். அது வளை தோண்டியது. அணிலைக் கண்டு சன்னலில் பாய்ந்தது என்று திட்டுகிறோம். அது தன் கடமையைச் செய்தது. கூப்பிட்டால் வரவில்லை என்கிறோம். கூப்பிடுபவர் குரல் எட்டாத இடத்தில் வேலை செய்வதற்காகவே அதன் முன்னோர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இங்கிலாந்திலும் வேல்சிலும் நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு சட்டம் தடை செய்துவிட்டது. தொழில் போயிற்று, தொழிலாளி மட்டும் பிறந்துகொண்டே இருக்கிறான். வேலை கொடுக்காவிட்டால் வேலையை அவனே தேடிக்கொள்வான். அவன் தேடிக்கொள்ளும் வேலை நமக்குப் பிடிப்பதில்லை.

பழைய இசைத்தட்டுகளை நினைவில் வைத்திருக்கும் நேயர்கள் ஒரு படத்தை மறந்திருக்க மாட்டார்கள். பாட்டுப்பெட்டியின் குழல் முன்னே, தலையைச் சற்றே சாய்த்து, காது கொடுத்து அமர்ந்திருக்கும் வெள்ளை நாயின் படம் அது. பிரான்சிஸ் பராடு என்னும் ஓவியர் தீட்டியது. அந்த நாயும் டெரியர் இரத்தம் உடையதே. 1884ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரில் பிறந்தது, பெயர் நிப்பர். வீட்டுக்கு வருவோரின் பின்னங்காலை நறுக்கென்று கவ்வும் பழக்கம் இருந்தமையால் அதற்கு அப்பெயர் வந்தது என்பார்கள். படத்தில் அசையாமல் இருக்கிறது. வீட்டில் அப்படி இருந்ததில்லை! நாய்க்குட்டி விற்பவர் காட்டும் படத்திலும் குட்டி அசையாமல்தான் இருக்கும். நாம் வாங்குவது படத்தையன்று.

அப்படியானால் இந்த ஜாதி நாய் அடுக்கு வீட்டுக்கு ஆகவே ஆகாதா? அவ்வாறு ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுவதற்கில்லை. உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர்; எடை 5 முதல் 6 கிலோ. உணவு மிகுதியாக வேண்டாம். குட்டையான மயிர் ஆதலால் நம் வெயிலை அடர்ந்த மயிருடைய நாய்களைக் காட்டிலும் ஓரளவு தாங்கும். அறிவு கூர்மையானது, கற்பித்தால் விரைவில் கற்கும். ஆகவே உடலளவில் அதற்கு அடுக்கு வீடு போதும். போதாமற்போவது வீட்டின் இடமன்று; வீட்டாரின் நேரம்.

இதை ஓர் ஒப்புமையால் விளக்கலாம். பந்தயத்தில் ஓடும் கிரேஹவுண்டு நாய் உருவத்தில் டெரியரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரமுடையது. ஆயினும் அது சிறிது நேரம் ஓடிய பின் நெடுநேரம் படுத்துறங்கும் இயல்புடையது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற அத்தகைய நாய்களை மேல்நாடுகளில் மாடி வீடுகளில் அமைதியாக வளர்க்கிறார்கள். இதனால், நம் இராசபாளையம் நாயை மாடிக்குக் கொண்டு போங்கள் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். 2005ஆம் ஆண்டில் அஞ்சல் தலையில் இடம் பெற்ற அந்தப் பெருமை மிக்க காவல் நாய்க்குத் தோட்டமும் வெளியும் வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவே: நாயின் அளவு ஒன்று, அதன் ஊக்கத்தின் அளவு வேறொன்று. முன்னதை அளவுகோலால் அளக்கலாம். பின்னதை நாட்கூற்றால்தான் அளக்க வேண்டும்.

ஆசிரியனாக இருந்தவன் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஊக்கமுள்ள ஒரு டெரியருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது நடையும் ஓட்டமும் விளையாட்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது 13 முதல் 16 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. 14 ஆண்டு என்று கொண்டால், 365ஐ 14ஆல் பெருக்க 5,110 மணி நேரம் ஆகிறது. நாளைக்கு ஐந்து மணி நேரம் பள்ளி நடப்பதாகக் கொண்டால் இது 1,022 பள்ளி நாள். ஆண்டுக்கு 200 பள்ளி நாள் என்றால், ஐந்து ஆண்டுக்குச் சற்று மேல். ஒரு நாய்க்குட்டியை வாங்குகிறவர், முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளையோடு கூடவே வகுப்பில் உட்கார்ந்திருக்க ஒப்புக்கொள்கிறார் என்பது பொருள். இதில் விடுமுறை இல்லை. மழை நாளும் உண்டு. திருவிழா நாளும் உண்டு. காய்ச்சல் கண்ட நாளும் உண்டு.

இன்னுமொரு கணக்கு. பத்து வயதுப் பையனுக்காக நாய் வாங்குகிறார்கள். நாய்க்குப் பதினான்கு வயதாகும்போது அவனுக்கு இருபத்து நான்கு வயது. அப்பொழுது அவன் எங்கே இருப்பான்? பெங்களூரில் இருக்கலாம், பாரிசில் இருக்கலாம். அவன் பதினோராம் வகுப்புக்கு வரும்போதே தேர்வு என்று சொல்லிக் கயிற்றைத் தந்தையின் கையில் கொடுத்துவிடுவான். ஆகவே பிள்ளைக்கு வாங்கும் நாய் உண்மையில் பெற்றோரின் நாய். பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. நமக்கு நேரமும் முழங்காலில் வலுவும் இருக்குமா என்றும் கேட்டல் வேண்டும்.

நேரம் உண்டு என்று உறுதியாகச் சொல்லக்கூடிய குடும்பங்களுக்கு வழிமுறைகள் சில உள. காலை வெயில் ஏறுமுன் ஒரு முறையும், மாலை வெயில் தாழ்ந்த பின் ஒரு முறையும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். நாய்க்கு மனிதனைப் போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைத்தே அது தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. புதுச்சேரிக் கடற்காற்றில் ஈரம் மிகுதியாக இருப்பதால் அவ்வாறு இரைப்பதும் முழுப் பயன் தருவதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் நண்பகலில் நாயை ஓட விடுதல் அதன் உயிருக்கே கேடு. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். நம் கை பொறுக்காத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை விடாது பெய்யும்போது வெளியே செல்ல இயலாது. அப்பொழுது மூளைக்கு வேலை கொடுக்கலாம். உணவைத் தட்டில் வைக்காமல் துணி மடிப்புகளிலும் பெட்டிகளிலும் ஒளித்து வைத்துத் தேடி எடுக்கச் செய்யலாம். கால் மணி நேரம் மோப்பம் பிடித்துத் தேடுவது நாய்க்கு நல்ல உழைப்பு. கட்டளைகளைச் சிறு சிறு பாடங்களாகப் பிரித்து, ஒரு முறைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் கற்பிக்க வேண்டும். சரியாகச் செய்தவுடன் பரிசு கொடுக்க வேண்டும். தவறு செய்தால் அடித்தல் கூடாது. பிரம்பு பிள்ளைகளுக்கும் பயன்படவில்லை, நாய்களுக்கும் பயன்படாது. மழைக்காலத்தில் உண்ணிகளையும் பார்த்து நீக்க வேண்டும். அவை நாய்க்குக் கொடிய காய்ச்சலைக் கொண்டு வருபவை. மாடியின் முகப்புக் கம்பிகளுக்கு வலை அடித்தல் இன்றியமையாதது. தன் உயரத்தைப் போலப் பன்மடங்கு தாவக்கூடிய பிராணிக்குக் கைப்பிடிச் சுவர் ஒரு தடையன்று.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1885ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு அந்த மருந்தை முதன்முதலாகச் செலுத்தி அவனைக் காத்தார். அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் நம் நாட்டில் அந்நோயால் மக்கள் இறக்கிறார்கள் என்பது வருந்தத் தக்கது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனவுடன் தடுப்பூசி போட்டு, மருத்துவர் குறிப்பிடும் காலத்தில் மறுபடியும் போட்டு வர வேண்டும். எந்த நாய் கடித்தாலும், அது வீட்டு நாயாயினும், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் பகுதியினருக்குக் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்வி நிலையமே அமைந்திருப்பது ஒரு நற்பேறு.

இனி அண்டை வீட்டாரைப் பற்றிச் சில சொற்கள். தனி வீட்டில் நாய் குரைத்தால் ஓசை காற்றோடு போய்விடும். அடுக்கு வீட்டில் ஒருவருக்குச் சுவராக இருப்பது மற்றவருக்கும் சுவர். ஒருவரின் கூரை மற்றவரின் தரை. கணவனும் மனைவியும் காலை ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், மாலை ஆறு மணி வரை தனியே கிடக்கும் டெரியர் தன் தனிமையைக் குரலால் வெளியிடும். அதைக் கேட்பவர்கள் அதன் உரிமையாளர்கள் அல்லர். மேல் வீட்டில் படுத்திருக்கும் நோயாளியும், கீழ் வீட்டில் கைக்குழந்தையை உறங்க வைக்கும் தாயுமே கேட்பவர்கள்.

இதனால் சில குடியிருப்புச் சங்கங்கள் நாயே கூடாது என்று தீர்மானம் போட முயல்கின்றன. அவ்வாறு முழுத் தடை விதிக்கும் உரிமை சங்கங்களுக்கு இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரையில் தெளிவாகக் கூறியிருக்கிறது. உயிர்களிடத்துப் பரிவு காட்டுதல் குடிமக்களின் கடமைகளுள் ஒன்றென நம் அரசியலமைப்பும் சொல்கிறது. ஆனால், சட்டம் தரும் உரிமையை மட்டும் பிடித்துக்கொண்டு அண்டை வீட்டாரின் உறக்கத்தை மறத்தல் அழகாகாது. படிக்கட்டிலும் பொது இடத்திலும் நாய் அசுத்தம் செய்தால் உடனே எடுத்து அகற்றுவதும், லிப்டில் குழந்தைகள் இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருப்பதும் எந்தச் சட்டத்தையும் எதிர்பாராத நற்பழக்கங்கள்.

சிற்றூரில் இருக்கும் பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு என்று முன்னர்ச் சொன்னேன். அது இதுதான். அடுக்கு வீட்டில் நாய் அடங்கவில்லையென்றால் நகரத்துப் பிள்ளைகள் செய்வது என்ன? "ஊரில் அப்பா வீடு இருக்கிறது, கொல்லை இருக்கிறது, அங்கே விட்டுவிடலாம்" என்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாய் காரில் வந்து இறங்குகிறது. பேரப் பிள்ளையின் முகத்துக்காகத் தாத்தாவும் பாட்டியும் மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். இடம் விரிந்துவிட்டது, ஆகவே சிக்கல் தீர்ந்தது என்று எல்லாரும் எண்ணுகிறார்கள்.

தீரவில்லை. முதல் வாரத்திலேயே அது அடுத்த வீட்டுக் கோழியைப் பிடித்துவிடுகிறது. கோழி வளர்ப்பவர் சண்டைக்கு வருகிறார். அன்று மாலை நாய் மாட்டுக்கொட்டகைத் தூணில் கட்டப்படுகிறது. கட்டப்பட்ட நாய் பகலெல்லாம் குரைக்கிறது. மாடியில் இருந்த சிறையைவிட இந்தச் சிறை சிறியது. ஆறு அடிச் சங்கிலி! அவிழ்த்துவிட்டாலோ, அது நேரே வரப்புக்கு ஓடும். எலி வளையைக் கண்ட டெரியரை யார் தடுக்க முடியும்? அங்கே உழவர் எலிக்கு வைத்த நஞ்சு இருக்கும். வளைக்குள் எலியைத் தேடி வந்த பாம்பும் இருக்கும். நம் வயல்களில் திரியும் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் ரஸ்ஸலின் விரியன் என்று பெயர். அந்த ரஸ்ஸல் வேறு; பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பாம்புகளை ஆராய்ந்த பேட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர். ஒரு ரஸ்ஸலின் நாய் மற்றொரு ரஸ்ஸலின் பாம்பைப் பாகூர் வரப்பில் சந்தித்தால், அஞ்சுதல் அறியாத நாய் பின்வாங்காது. முடிவை நான் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே, இடம் விரிந்தாலும் நேரம் கொடுப்பவர் இல்லையேல் நாய்க்கு வாழ்வில்லை. எழுபது வயதுத் தாத்தாவால் துள்ளும் நாயோடு ஓட முடியுமா? அவர் அன்புள்ளவர், ஆனால் அன்பு ஒன்றே அதற்குப் போதாது. அவரும் முடியாதென்று கைவிட்டால், அடுத்தது ஏரிக்கரையோ நெடுஞ்சாலையோதான். கழுத்துப்பட்டையோடு சாலையோரம் நின்று, போகிற காரையெல்லாம் நிமிர்ந்து பார்க்கும் நாயைக் கண்டவர்களுக்கு அக்காட்சி மறவாது. நாலடியார் நட்பை ஆராயுமிடத்து, யானையை ஒத்தவர் நட்பைவிட நாயை ஒத்தவர் நட்பே கொள்ளத் தக்கது என்கிறது. அத்தகைய நன்றியுள்ள பிராணிக்கு நாம் செய்யும் கைம்மாறு இதுவா?

1960ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுதலைக் குற்றம் என்கிறது. அதோடு நில்லாமல், எப்போதும் சங்கிலியிலோ அடைப்பிலோ வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் இருப்பதும் குற்றம் என்று தனியே எடுத்துச் சொல்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் சட்டம் நாயின் நடையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறது! ஆனால், முதற்குற்றத்துக்கு அது வைத்த தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான். இத்தகைய கடமையைத் தண்டத்தால் வாங்க முடியாது. மனத்தால்தான் செய்ய வேண்டும்.

இவ்விடத்தில் பிரான்சு நாட்டார் கண்ட ஒரு வழியை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நம்மவர் பலர் குடியிருக்கும் நாடாதலால் இது நமக்கு அயலான செய்தியன்று. அங்கே 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன்படி, 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல், புதிதாக நாயோ பூனையோ வளர்க்க விரும்புகிறவர் ஓர் உறுதிச் சான்றில் கையெழுத்திட வேண்டும். அந்தப் பிராணிக்கு என்னென்ன தேவை, எவ்வளவு செலவாகும், எத்தனை ஆண்டு பேண வேண்டும் என்பவற்றை அறிந்தேன் என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டும். கையெழுத்திட்டு ஏழு நாள் கழிந்த பின்னரே பிராணி கைக்கு வரும். அந்த ஏழு நாள் எதற்கு? ஆசை ஆறுவதற்கு! ஏழு நாள் சென்றும் ஆறாத ஆசையே பொறுப்பாக மாறத் தக்கது. இந்நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டிகளை விற்கலாகாது என்றும், நாய் பெருக்குவோர் பதிவு பெற வேண்டும் என்றும் கூறுகின்றன. ஆனால் வாங்குகிறவரைப் பொறுத்திருக்கச் சொல்லும் விதி இங்கே இல்லை.

விதி இல்லாவிட்டால் என்ன? அந்த ஏழு நாளை நாமே நமக்கு விதித்துக்கொள்ளலாம். நாய்க்குட்டி வாங்க விரும்பும் குடும்பத்தார் முதலில் ஒரு கயிறு மட்டும் வாங்குங்கள். ஏழு நாள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, அந்த வெறுங்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்து வாருங்கள். மாலையில் வேலையிலிருந்து களைத்துத் திரும்பிய பின்னும் அரை மணி நேரம் நடந்து வாருங்கள். பையனும் உடன் வரட்டும். தெருவார் சிரித்தால் சிரிக்கட்டும். அந்த வாரத்தில் எத்தனை நாள் தவறியது, யார் முதலில் சலித்துக்கொண்டார்கள் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். இதைவிட நேர்மையான தேர்வை நான் அறியேன். வினாத்தாளும் நீங்களே, விடைத்தாளும் நீங்களே, திருத்துபவரும் நீங்களே.

ஏழு நாளும் தவறாமல் நடந்தவர்கள் டெரியரைத் தாராளமாக அழைத்து வரலாம். அவர்கள் வீடு இரண்டு அறையாக இருந்தாலும் அந்த நாய் மகிழ்ச்சியோடு வாழும். மூன்றாம் நாளே நின்றுவிட்டவர்கள் மனம் வருந்த வேண்டாம். துள்ளும் பருவம் கடந்து, அமைதி வந்த வளர்ந்த நாய்கள், நல்ல குடும்பம் கிடைக்காமல் காப்பகங்களில் காத்திருக்கின்றன. நம் தெருவில் பிறந்து, நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய நாட்டு நாய்களிலும் சாந்தமானவை உண்டு. அவற்றின் குணத்தை முன்பே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். எதுவும் இயலாதென்றால், நாய் வளர்க்காமல் இருப்பதும் நாய்க்குச் செய்யும் ஒரு நன்மையே.

வீட்டை அளந்து நாய் வாங்காதீர்கள். நாளை அளந்து வாங்குங்கள். வீடு சிறிதாயிருப்பதை நாய் பொறுத்துக்கொள்ளும். நாள் முழுதும் நாம் இல்லாதிருப்பதை அது பொறுத்துக்கொள்ளாது.